கையில் குறைந்த பணம், முன்னால் நிறைய கல்லூரிகள்: பிளஸ் டூ முடித்த வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பட்டம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் வருடத்துக்கு 30,000 ரூபாய் கட்டியிருப்பார், இன்னொருவர் லட்சத்தைத் தாண்டியிருப்பார். தமிழ்நாட்டில் இது சர்வ சாதாரணம். கல்லூரியின் பெயரைவிட, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதுதான் கட்டணத்தை முடிவு செய்கிறது. கவுன்சலிங் சீட்டா (மார்க் வரிசைப்படி அரசு ஒதுக்கும் இடம்), மேனேஜ்மென்ட் சீட்டா (கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம்)? எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவா? அரசுப் பள்ளி ஒதுக்கீடு உண்டா?

பெரும்பாலான வீடுகளில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் கல்லூரியை முடிவு செய்கிறார்கள், அப்புறம் பீஸ் கேட்கிறார்கள், அப்புறம் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றுவதற்காக. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, வருமானம் அளவாக உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: கல்லூரிப் பெயர் பேசுவதற்கு முன் வீட்டுக் கணக்கு

ஒரு தாள் எடுங்கள். மாதாமாதம் படிப்புக்கென்று உண்மையில் எவ்வளவு ஒதுக்க முடியும்? "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீட்டுப் பணம், வட்டி, மருந்துச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதை மட்டும் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, மாதம் 4,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது, கையில் 60,000 சேமிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு மொத்தம் 2,04,000 ரூபாய் கையில் வரும். நான்கு வருட பி.இ. என்றால் 2,52,000. இதுதான் உங்கள் எல்லைக்கோடு.

இனி செலவு. கல்லூரிகள் சொல்லும் "டியூஷன் பீஸ்" பாதிக் கதைதான். தேர்வுக் கட்டணம், பஸ், யூனிஃபார்ம், லேப் ரெக்கார்டு, புத்தகம், ஏதாவது ஒரு பெயரில் வரும் "இதர கட்டணம்", வெளியூர் என்றால் ஹாஸ்டலும் மெஸ் பில்லும் இருக்கின்றன. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கவுன்சலிங் வழியாகப் போனால் டியூஷன் 55,000. முதல் பட்டதாரி சலுகையில் (வீட்டிலேயே முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணக் குறைப்பு) 25,000 குறைந்தால் 30,000. கல்லூரி பஸ்ஸும் மற்றதும் சேர்த்து 35,000 என்று போடுங்கள். வருடம் 65,000, நான்கு வருடத்துக்கு 2,60,000. எல்லைக்கோட்டை ஒட்டி வருகிறது, சமாளிக்கலாம். அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டு என்றால் டியூஷன் 87,000, மற்ற செலவு அதே 35,000. நான்கு வருடத்துக்கு 4,88,000. டொனேஷன் இதில் சேரவில்லை.

ஹாஸ்டல் வருடத்துக்கு 80,000 என்றால் நான்கு வருடத்தில் 3,20,000 ஆகிறது, படிப்புச் செலவைவிட அதிகம். அதனால்தான் குறைந்த பட்ஜெட்டில் முதல் தேர்வு, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி. ஊர் பெயருக்காக வெளியூர் போவது இந்த வருமானத்தில் ஆடம்பரம்.

படி 2: சான்றிதழ்கள், ரிசல்ட் வருவதற்கு முன்பே

ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், தகுதி இருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாக தாசில்தார் அலுவலகம்வரை போய்வர நாளாகும்.

வருமானச் சான்றிதழில் வரும் எண்ணைக் கவனியுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும், பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கும் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கூலி வேலை செய்யும் வீட்டில்கூட யோசிக்காமல் கூடுதலாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டு, பிறகு அலைகிறவர்கள் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஆனால் எழுதியது சரிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கனவே இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது யோசிக்க வேண்டிய விஷயம். மூத்தவர் ஏறக்குறைய செலவே இல்லாத அரசுக் கலைக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினால், இளையவர் பொறியியலுக்குப் போகும்போது சலுகை இருக்காது. இதற்காக யாரும் படிக்காமல் இருக்க முடியாது, ஆனால் நான்கு வருடக் கணக்குப் போடும்போது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதாரோடு இணைத்து, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும்படி வங்கியில் சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். உதவித்தொகை "சாங்ஷன்" ஆகியும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: வாசல்களைத் தெரிந்துகொள்ளுதல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரி. மாநிலம் முழுக்க 160-க்கும் மேல் இருக்கின்றன. இளநிலைப் படிப்புக்கு டியூஷன் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சில ஆயிரங்களில் ஒரு வருடம் முடிந்துவிடும். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சமீப ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து 50 ரூபாய்தான், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய். வழக்கமாக மே மாதத்தில் திறக்கும். சென்னை மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும் கும்பகோணம் அரசுக் கல்லூரியும் நூறு வருடத்தைத் தாண்டியவை. "அரசுக் கல்லூரியா?" என்று முகம் சுளிக்கும் உறவினர்களிடம், பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வில் வென்றவர்கள் எங்கே பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போட்டித் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

அரசு உதவி பெறும் கல்லூரி. பலர் ஏமாறும் இடம் இதுதான். மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப், பாளையங்கோட்டை சேவியர், சென்னை லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற பழைய, பெயர்பெற்ற கல்லூரிகள் இந்த வகை. வளாகம் ஒன்றுதான், உள்ளே இரண்டு கடை. எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் மிகக் குறைவு. செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் மாணவர் கட்டும் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது, கட்டணம் பல மடங்கு. சில இடங்களில் இவற்றை ஷிஃப்ட் 1, ஷிஃப்ட் 2 என்பார்கள். பி.காம். என்று மட்டும் பார்த்து விண்ணப்பித்தால் எந்தப் பிரிவில் போய் நிற்பீர்கள் என்று தெரியாது. விண்ணப்பத்திலேயே "எய்டட்" என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள். பி.சி.ஏ., பி.பி.ஏ. போன்ற புதிய படிப்புகள் பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம்தான் இருக்கும். கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு, தமிழ், பொருளியல் போன்ற பழைய துறைகள் எய்டட் பக்கம். கம்ப்யூட்டர் வேலைதான் இலக்கு என்றாலும், எய்டட் பிரிவில் பி.எஸ்.சி. கணிதம் படித்துக்கொண்டே மாலையில் புரோகிராமிங் கற்பது செலவில் பாதிகூட ஆகாது. இந்தக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியும் சீக்கிரம் முடியும்.

பொறியியல் கவுன்சலிங். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு கட் ஆஃப். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்கள், கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி அரசுக் கல்லூரிகள் எல்லாம் இதன் வழியாகத்தான். கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் போன்ற உதவி பெறும் கல்லூரிகளிலும் அதே இரண்டு கடைக் கதை உண்டு. கவுன்சலிங் பட்டியலில் சில படிப்புகளின் பெயருக்குப் பின்னால் "எஸ்.எஸ்." என்று இரண்டெழுத்து இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அண்ணா பல்கலைக்கழக வளாகங்களிலும் இப்படிச் சில படிப்புகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000, என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு முறையே 85,000, 87,000 என்று கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வரையறுத்தது. விண்ணப்பிக்கும் ஆண்டில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இது தங்கச் சுரங்கம். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. படி 1-ல் போட்ட கணக்கே இவர்களுக்கு மாறிவிடும். தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் இந்தப் பகுதியைச் சரியாக நிரப்பாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். படித்த பள்ளிகளின் விவரத்தை வகுப்புவாரியாக எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

பாலிடெக்னிக். பிளஸ் டூவில் அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமா கையில். பிறகு வேலைக்கும் போகலாம், கவுன்சலிங் வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். மொத்தம் ஐந்து வருடம் ஆகும், ஆனால் முதல் இரண்டு வருடம் அரசு பாலிடெக்னிக்கில் மிகக் குறைந்த செலவு. கட் ஆஃப் குறைந்த பிள்ளையை டொனேஷன் கொடுத்து பி.இ. சேர்ப்பதைவிட இது நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்கு ஒரு செய்தி. திருச்சி என்.ஐ.டி.யில் டியூஷன் வருடத்துக்கு 1,25,000 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் முழுக்கத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம்வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு டியூஷனே கிடையாது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்குக்கு வெளியே நிற்பவை. முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீதம் எதுவும் அங்கே செல்லாது. அவர்களே மார்க் அடிப்படையில் சலுகை தருவதுண்டு, ஆனால் அது எத்தனை வருடத்துக்கு, எத்தனை மார்க்குக்குக் கீழே போனால் ரத்தாகும் என்பதை எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள்.

படி 4: உதவித்தொகையைத் தேடி எடுப்பது

பட்டியலின, பழங்குடி மாணவர்கள், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால், கவுன்சலிங் வழியாகச் சேரும் தனியார் கல்லூரியிலும் டியூஷனை அரசு ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது. அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் சீட்டு போட்டுவிட்டுப் பிறகு ஸ்காலர்ஷிப் கேட்டு நிற்பது, கிடைக்கும் பணத்தைக் கதவைச் சாத்தி அனுப்பியது மாதிரி.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தடைபடாது. வருடத்துக்கு 12,000 என்பது பஸ் செலவும் புத்தகச் செலவும்.

மத்திய அரசின் திட்டங்களைப் பலர் தொடுவதே இல்லை. போர்டு தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளம் வழியாக வருடம் 12,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல், டிப்ளமா படிக்கும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டத்தில் வருடம் 50,000. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு சாக்‌ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்று தனித் திட்டங்கள். இவற்றில் தேர்வு உண்டு, கிடைத்தே தீரும் என்று பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். விண்ணப்பிக்காமலும் விடாதீர்கள்.

வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அரசு விடுதி. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் கல்லூரி மாணவர்களுக்கு உணவோடு இலவச விடுதிகள் நடத்துகின்றன. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும், பெண்களுக்கு அந்த விதி இல்லை. வசதியில் குறை இருக்கலாம். சேரும் முன் அங்கே தங்கியிருக்கும் மாணவர்களிடம் போய்ப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: குறைந்த கட்டணம் சரி, கல்லூரி எப்படி?

மலிவு என்பதற்காக மோசமான இடத்தில் மூன்று வருடத்தைக் கொட்ட முடியாது. பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. இருபது, முப்பது சதவீதத்தில் கிடக்கும் கல்லூரி இலவசமாகவே கொடுத்தாலும் யோசியுங்கள். அரியர் பேப்பருக்கும் காசு, காலமும் போகும். கலைக் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தந்த தரச்சான்று என்ன என்று பாருங்கள்.

விளம்பரத்தில் "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று இருந்தால், போன வருடம் முடித்தவர்களில் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். எந்த நிறுவனம், என்ன சம்பளம், எந்தத் துறைக்காரர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை யாராவது அங்கே இருப்பார்கள்.

நர்சிங், லேப் டெக்னீஷியன், கேட்டரிங் என்று மாடிக் கட்டடத்தில் நடக்கும் "காலேஜ்"களில் கூடுதல் கவனம் தேவை. சான்றிதழை யார் தருகிறார்கள், அந்த அமைப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

படி 6: கவுன்சலிங்கில் வரிசை போடுவது

கடந்த வருடங்களின் கட் ஆஃப் கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் இனப்பிரிவுக்கு எந்தக் கல்லூரி எங்கே முடிந்தது என்று பாருங்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கட்டணம் கிடையாது. ஆனாலும் பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு, இடம் கிடைக்காமல் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கிடைக்காது என்று தோன்றும் நல்ல கல்லூரிகளை மேலே வையுங்கள், அதனால் எந்த நஷ்டமும் இல்லை. நடுவில் உங்கள் மார்க்குக்கு ஏற்றவை, கடைசியில், எப்படியும் கிடைக்கும் என்று தோன்றும் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிகள். பட்ஜெட்டுக்குள் வராத கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். கல்லூரி எண்ணைப் பார்த்துப் போடுங்கள், ஒரே மாதிரிப் பெயரில் நிறைய இருக்கின்றன.

இடம் ஒதுக்கிய பிறகு "ஏற்றுச் சேர்கிறேன்", "ஏற்றுக்கொள்கிறேன், மேலே இடம் வந்தால் மாறுவேன்" என்பது போன்ற வாய்ப்புகள் வரும். தேதியைத் தவறவிட்டால் கையில் இருப்பதும் போய்விடும். மையத்தில் யாரோ ஒருவர் அழுத்தட்டும் என்று விடாமல் மாணவரே படித்துப் பார்த்து அழுத்த வேண்டும்.

இதற்கிடையில் புரோக்கர்கள் போன் செய்வார்கள். "கவுன்சலிங் வரைக்கும் வெயிட் பண்ணா சீட்டு போயிடும், அட்வான்ஸ் மட்டும் போட்டு வைங்க" என்பதுதான் வழக்கமான வசனம். தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை வாங்குவதற்கு எதிராக 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது தர மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படி 7: கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

கந்து வட்டிக்கு முன் வங்கி. கல்விக் கடனில் 4 லட்சம்வரை நாம் போட வேண்டிய பங்குத்தொகை இல்லை, 7.5 லட்சம்வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் மெரிட்டில் சேர்ந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம்வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அதுவும் இல்லை.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம், மானியம் இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது சாதா வட்டியே 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். 5.4 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 7,100 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சம். முதல் வேலையில் 18,000 சம்பளம் என்றால் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் அந்த 1.4 லட்சம் அசலோடு சேராது. வீட்டில் 4,000 ஒதுக்க முடிந்தால் அதற்கே பயன்படுத்தலாம்.

படி 8: சேரும் நாளும் அதற்கு அப்புறமும்

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்தாறு நகல் எடுத்து வையுங்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், எப்போது விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் விதியும் இருக்கிறது. அதனால் விலகும் கடிதத்தைத் தேதி போட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் யு.எம்.ஐ.எஸ். எண் (அரசுத் தரவுத்தளத்தில் கல்லூரி மாணவருக்கான அடையாள எண்) கேளுங்கள். மாநில அரசின் உதவித்தொகைகள் இப்போது இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க் ஒருவர் இருப்பார். முதல் மாதத்திலேயே அவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான உதவித்தொகைகளை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வருகைப் பதிவும் தேர்ச்சியும் பார்ப்பார்கள். அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, ஆகவே கல்லூரி பஸ் கட்டாயமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சந்தேகம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். முதல் சுற்றில் எதுவும் அமையவில்லை என்றால், பொறியியலுக்குத் துணைக் கவுன்சலிங் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளிலும் காலி இடங்களுக்கு மறுபடி விண்ணப்பம் வாங்குவார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்த அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.